புளூத் தடுப்பூசி: எங்கள் வீட்டில் யாருக்கு?

சிறுபோகத்துக்காக வயல் உழத் தொடங்கியிருந்த பங்குனிக் கடைசியில் எங்கள் வீட்டில் புளூத் தடுப்பூசி பற்றிய பேச்சு எழுந்தது. அதற்கு முந்திய மார்கழியில் அம்மா காய்ச்சலும் இருமலும் மூச்சு முட்டுமாக ஒன்பது நாள் வைத்தியசாலை விடுதியில் இருந்தார். தொண்டையில் எடுத்த மாதிரியைப் பரிசோதித்தபோது இன்புளுவென்சா ‘ஏ’ வைரஸ் என்று தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் வைத்தியர், வருடாவருடம் இவருக்குப் புளூ ஊசி போடுவதைப் பற்றி யோசியுங்கள் என்று சொல்லி, கிளினிக் கொப்பியிலும் அதை எழுதி விட்டார். அறுவடையும் பொங்கலும் முடிந்த பிறகுதான் அந்தக் கொப்பியை நாங்கள் மீண்டும் விரித்துப் பார்த்தோம்.

அம்மாவின் முதல் மறுமொழி இது: “ஊசி போட்டாலும் காய்ச்சல் வருமாம். காசையும் குடுத்துக் காய்ச்சலையும் ஏன் தம்பி வாங்குவான்?”

அது தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் வன்னியில் தடுப்பூசியை வெறுப்பவர்கள் அதிகம் இல்லை. 1990களில் போர் நடந்துகொண்டிருந்தபோதே பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த நாட்களை எங்கள் தலைமுறை கண்டிருக்கிறது. பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேட்டில் ஓர் ஊசி தவறினால் மருத்துவிச்சி வீட்டு வாசலுக்கே வந்து கேட்பார். ஆனால் அந்த ஊசிகள் இலவசமானவை. ஒருமுறை போட்டால் பல ஆண்டுகளுக்குக் காப்பவை. புளூ ஊசியோ நம் நாட்டில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடப்படும் ஊசிகளின் அட்டவணையில் இல்லை. பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்தே போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் போட வேண்டும். போட்டவருக்கும் புளூ வரலாம். இத்தனையும் தெரிந்த ஒருவர் தயங்குவது நியாயமே.

எங்கள் வீட்டில் ஐவர் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சலரோகம் என்ற நீரிழிவு, கூடவே பிரஷர், மாரியில் முட்டு. தங்கை அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுடைய கணவர் வயலும் கூலி வேலையுமாக உழைக்கும் திடகாத்திரமான மனிதர். அவர்களுடைய மூத்த மகன் நான்கு வயதில் முன்பள்ளிக்குப் போகிறான். நான் பாடசாலை ஆசிரியன், நாற்பதை எட்டவில்லை, சொல்லும்படியான வருத்தம் எதுவும் இல்லை. இந்த ஐவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முயன்றதால்தான் முதல் இரண்டு இரவுகளும் பேச்சு ஓரிடத்திலேயே சுற்றியது. ஊசி நல்லதா கெட்டதா என்று கேட்பதை விட்டு, இந்த உடலுக்குப் புளூ என்ன செய்யும், இதே உடலுக்கு ஊசி என்ன செய்யும் என்று ஒவ்வொருவராகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகே விடயம் தெளிந்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். மூக்கு ஒழுகுகிற சாதாரணத் தடிமனையும் நாம் புளூ என்கிறோம்; வைரஸ் காய்ச்சல் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போடுகிறோம். தடிமனை உண்டாக்கும் வைரஸ்கள் நூற்றுக்கும் மேல். இந்த ஊசி அவற்றில் எதையும் தடுக்காது; இன்புளுவென்சா ‘ஏ’, ‘பி’ வகைகளில் அந்தப் பருவத்துக்கென்று தெரிவு செய்யப்பட்டவற்றை மட்டுமே அது குறி வைக்கிறது. “போன வருசம் ஊசி போட்டும் எனக்கு மூன்று தரம் தடிமன் வந்தது” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் எதிர்பார்த்தது அந்த ஊசி செய்யாத வேலையை.

ஊசி போடாமலிருந்தால் என்ன நடக்கும்? மச்சானைப் போன்ற ஒருவருக்குப் புளூ வந்தால் திடீரென்று உயர்ந்த காய்ச்சல், உடலை முறித்துப் போட்டது போன்ற வலி, தலையிடி, வரட்டு இருமல் என்று நான்கைந்து நாள் பாயில் கிடப்பார். இருமலும் அசதியும் இரண்டு கிழமைக்கு மேலும் இழுக்கலாம். பிறகு எழுந்துவிடுவார். நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு கிழமை வருமானம் போவது சின்ன இழப்பு இல்லை, ஆனாலும் அது உயிருக்கு ஆபத்தும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் உலகெங்கும் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்குப் பருவகாலப் புளூ வருவதாகவும், 30 முதல் 50 இலட்சம் பேருக்கு அது கடுமையாவதாகவும், 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை அதன் சுவாசச் சிக்கல்களால் இறப்பதாகவும் மதிப்பிடுகிறது. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்தால் ஒன்று புலப்படும்: பெரும்பான்மையினர் தப்பிவிடுகிறார்கள், இறப்பு ஒரு சிறு பகுதியினர் மேல் குவிகிறது. முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நெஞ்சு, இருதயம், சிறுநீரகம், சலரோகம் என்று ஏற்கெனவே வருத்தம் உள்ளவர்கள் அந்தச் சிறு பகுதியில் இருக்கிறார்கள்.

புளூ சளியோடு நிற்பதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, புளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படும் சாத்தியம் ஏனைய காலத்தைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்கிறது என்று கண்டது. இன்னோர் ஆய்வில், மாரடைப்பு வந்து வைத்தியசாலையில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அங்கேயே புளூ ஊசியும் மற்றப் பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். பங்களாதேஷ் உட்பட எட்டு நாடுகளில் அது நடந்தது. ஓராண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் 100க்கு ஏறத்தாழ 3 பேரும் போடாதவர்களில் 100க்கு ஏறத்தாழ 5 பேரும் இறந்திருந்தார்கள். சலரோகத்தோடு பிரஷரும் உள்ள அம்மாவைப் போன்றவருக்குக் காய்ச்சலைவிட இந்தக் கணக்கே பெரியது.

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிப்பதையும் ஆவி பிடிப்பதையும் ஊசிக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்துகிறவர்கள் உண்டு. என் கண்ணில் அது தவறான போட்டி. சூடான தண்ணீர் உள்ளே போவது காய்ச்சல்காரருக்கு நல்லது; தொண்டைக்கும் இதமாக இருக்கும். அம்மா அதை இன்றைக்கும் செய்கிறார், செய்யட்டும். ஆனால் அவை வந்த வருத்தத்தை ஆற்றுபவை, வராமல் தடுப்பவை அல்ல. கை கழுவுவதும், இருமுகிறவர் முகக்கவசம் போடுவதும், காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் விடுவதும் பரவலைக் குறைக்கும். ஓர் அறையில் நால்வர் படுத்துறங்கும் வீட்டில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மருந்தகத்தில் அமொக்ஸிசிலின் வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம். அது பக்றீரியாவுக்கான மருந்து. வைரஸை ஒன்றும் செய்யாது.

வருத்தம் வந்த பிறகு ஒசெல்ரமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுக்கலாமே என்று தங்கை கேட்டாள். கொடுக்கலாம். ஆனால் காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பயன் அதிகம். ஐயன்கன்குளத்திலோ கொக்கிளாயிலோ இருக்கும் ஒருவர், முதல் நாள் பனடோல் போட்டுப் பார்த்து, இரண்டாம் நாள் கிராமத்து மருந்தகத்துக்குப் போய், மூன்றாம் நாள் பஸ் பிடித்து மாவட்ட வைத்தியசாலையை அடைவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். கொழும்பில் இருப்பவருக்கு இரண்டாவது காப்பாக இருக்கும் மருந்து, எங்கள் உள்ளூர்களில் பல வேளை கைக்கு எட்டாத காப்பாகிறது. இரவில் மூச்சு முட்டினால் வாகனம் தேட வேண்டிய ஊர்களில் முன்கூட்டித் தடுப்பதற்குக் கூடுதல் பெறுமதி உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி ஊசியின் பக்கம். அது எவ்வளவு காக்கும் என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். உலகில் சுற்றும் வைரஸ் வகைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பெப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டெம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், ஊசியில் எவை இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அந்தக் கணிப்பு நன்றாகப் பொருந்திய பருவங்களில் வைத்தியரிடம் போக வேண்டிய அளவு புளூ வருவதை ஊசி 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. பொருந்தாத பருவங்களில் அதிலும் குறைவு. முதியவர்களின் உடல் எதிர்ப்புச் சக்தியைப் பலவீனமாகவே உண்டாக்குவதால் அவர்களிலும் குறைவு.

இதை ஊர்க்கணக்காக மாற்றிப் பார்த்தேன். ஒரு பருவத்தில் ஊசி போடாத திடமான வளர்ந்தவர்கள் 100 பேரில் 10 பேருக்குப் புளூ வருகிறது என்று வைத்துக்கொண்டால், அதே 100 பேரும் ஊசி போட்டிருந்தால் 4 முதல் 6 பேருக்கு வரும். மற்றவர்களுக்கு எப்படியும் வந்திருக்காது. ஆகவே மச்சான் ஊசிக்குக் காசு கொடுத்தால், அவருக்கே நேரடிப் பயன் கிடைக்கும் சாத்தியம் அந்த ஆண்டில் 20க்கு 1 அளவுதான். அம்மாவுக்கும் வீதம் அப்படியோ சற்றுக் குறைவாகவோ இருக்கலாம், ஆனால் தப்பிப்பது எதிலிருந்து என்பதுதான் வேறு: மச்சான் தப்புவது ஒரு கிழமைப் பாயிலிருந்து, அம்மா தப்புவது விடுதிக் கட்டிலிலிருந்தும் அதைவிட மோசமானதிலிருந்தும். ஊசி போட்டும் புளூ வந்துவிட்டால், அது கடுமையாகாமல் நிற்கும் வாய்ப்பும் கூடுகிறது.

பக்கவிளைவுகளைப் பற்றி நான் அதிகம் எழுதுவதற்குக் காரணம், எங்கள் அயலில் எல்லோரும் கேட்டது அதைத்தான். அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். வழமையாகப் போடப்படும் புளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸைக் கொன்று, உடைத்து, அதன் துண்டுகளை, முக்கியமாக மேற்புறப் புரதங்களை, சேர்த்திருப்பார்கள். அதனால் ஊசி புளூவை உண்டாக்க முடியாது. அப்படியானால் ஏன் சிலருக்கு உடம்பு சுடுகிறது? அந்நியப் புரதத்தைக் கண்டதும் உடல் எதிர்ப்பைத் திரட்டுகிறது. அந்த வேலையின் சூடும் அசதியும்தான் அது. கை நோவு, சிவப்பு, மெல்லிய வீக்கம், கொஞ்சம் தலையிடி, தசை நோவு, இலேசான காய்ச்சல் என்பவை ஊசி போட்ட அன்றோ மறுநாளோ தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் போய்விடுகின்றன.

1990களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் திடமான வேலைக்காரர் ஏறத்தாழ 850 பேரைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குப் புளூ ஊசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. தனக்கு எது போடப்பட்டது என்பது போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. புளூ ஊசி போட்டவர்களில் 100க்கு 64 பேருக்குக் கை நொந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களிலும் 24 பேருக்கு நொந்தது. காய்ச்சல், அசதி, தலையிடி என்பவற்றிலோ இரு பகுதிக்கும் சொல்லும்படியான வேறுபாடு இருக்கவில்லை. கை நோவு ஊசியால் வருகிறது, அது உண்மை. ‘ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தது’ என்பதில் பெரும்பகுதி அந்தக் கிழமையில் எப்படியும் வந்திருக்கக்கூடிய காய்ச்சல். அதிலும் ஊசியின் காப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். அந்த இடைவெளியில் புளூவே தொற்றினால் பழி ஊசி மேல் விழுகிறது. 2021இல் கொவிட் தடுப்பூசிக்குப் பிறகு இரண்டு நாள் படுத்துக் கிடந்த நினைவும் பலருக்கு இதில் கலந்து வருகிறது. புளூ ஊசி வேறு மருந்து, பெரும்பாலும் அதைவிட மென்மையானது.

கடுமையான விளைவுகளை மறைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலாவது, உடனடி ஒவ்வாமை: முகம் வீங்கி, உடல் தடித்து, மூச்சுத் திணறி, தலை சுற்றுவது. பத்து இலட்சம் ஊசிகளுக்கு ஒன்றை ஒட்டியே இது நிகழ்கிறது; பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தொடங்கும்; அட்ரினலின் கொடுத்தால் மீட்கலாம். ஆகவே அட்ரினலின் கைவசம் உள்ள இடத்தில் போட்டுக்கொள்வதும், போட்ட பிறகு பதினைந்து முதல் முப்பது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருப்பதும் அவசியம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உடனே எழுந்து ஓடக்கூடாது. முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ஊசி கூடாது என்ற பழைய அறிவுரை தளர்ந்துவிட்டது; அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023 முதல் அவர்களுக்குத் தனி முன்னெச்சரிக்கை தேவையில்லை என்கிறது. ஆயினும் அதைச் சொல்லிவிட்டுப் போடுவது நல்லது.

இரண்டாவது, கியான் பரே நோய்: நரம்புகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி, காலிலிருந்து மேல் நோக்கிப் பலவீனம் ஏறும் நோய். 1976இல் அமெரிக்காவில் பன்றிப் புளூவுக்கு எதிராக ஏறத்தாழ நாலரைக் கோடிப் பேருக்கு ஊசி போட்டபோது, ஒரு இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் இது கூடியதால் அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். அதன் பிறகு வந்த பருவகால ஊசிகளில் இந்தக் கூடுதல் பத்து இலட்சத்துக்கு ஒன்று அல்லது இரண்டாகவே காணப்பட்டிருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்களே இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஊசி போட்டாலும் இந்த நோய் கூடுதலாக ஒருவருக்கு வரலாம், ஒருவருக்குமே வராமலும் போகலாம். ஒப்பீட்டின் மறுபக்கம் அதைவிட முக்கியம்: புளூ நோயே கியான் பரேயைத் தூண்டக்கூடியது. ஒன்ராறியோத் தரவுகளில் ஊசியால் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 1 என்றால், புளூவுக்காக வைத்தியரை நாடியவர்களில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 17. முன்பு புளூ ஊசி போட்டு ஆறு கிழமைக்குள் இந்த நோய் வந்தவர்கள் வைத்தியரைக் கேளாமல் மீண்டும் போடக்கூடாது. முந்திய புளூ ஊசிக்குக் கடும் ஒவ்வாமை கண்டவர்களுக்கும் அதே விதி. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. கடுங்காய்ச்சல் உள்ள நாளில் ஒத்திவைக்க வேண்டும். இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்பரின் மருந்தை எடுக்கும் இருதய நோயாளிகள் அதை முதலிலேயே சொன்னால், மெல்லிய ஊசியால் போட்டு இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்துவிடுவார்கள்.

தங்கையின் கணக்கு வேறு விதமானது, எனக்கு மிகவும் மனத்தில் பதிந்ததும் அதுதான். கர்ப்பத்தில் நுரையீரலுக்கு இடம் குறைகிறது, இருதயத்தின் வேலை கூடுகிறது. அதனால் புளூ கர்ப்பிணிகளில் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். பிறக்கும் குழந்தைக்கோ ஆறு மாதம் வரை ஊசியே இல்லை. தாய்க்குப் போட்டால், அவளிடம் உருவாகும் எதிர்ப்புச் சக்தி கொடியின் வழியாகக் குழந்தைக்குப் போகிறது. பங்களாதேஷில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் உறுதிசெய்யப்பட்ட புளூ 63 சதவீதம் குறைந்திருந்தது. 2014இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூக்கில் விசிறும் உயிர்த் தடுப்பு மருந்து மட்டும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஓர் ஊசியில் இரண்டு உயிர்கள் காப்புப் பெறுவதால், காசு ஒருவருக்கு மட்டுமே போதுமென்றால் அம்மாவுக்கா தங்கைக்கா என்று தீர்மானிப்பதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. நல்லவேளையாக இருவருக்கும் போதுமாக இருந்தது.

வன்னியில் முன்வரிசையில் நிற்க வேண்டிய இன்னும் சிலரை வெளிநாட்டுத் துண்டுப் பிரசுரங்களில் காண முடியாது. போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழோ கழுத்துக்குக் கீழோ இயங்காதவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நெஞ்சுத் தசை பலவீனமானவரால் பலமாக இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. ஒரு புளூவே நியூமோனியாவாகிவிடும். நுரையீரலில் காயம்பட்டவர்களும் அப்படியே. எறிகணைத் துண்டு உடலில் இருப்பது ஊசிக்குத் தடையல்ல. கை இல்லாதவர்களுக்கும், ஊன்றுகோலையோ சக்கர நாற்காலியையோ கையால் இயக்குபவர்களுக்கும் தோளில் போடுவது சிரமமென்றால் தொடையின் வெளிப்பக்கத்திலும் போடலாம். தாதியிடம் முதலே சொல்ல வேண்டும். வவுனியாப் பக்கத்தில் விவசாயிகளைப் பிடித்திருக்கும் நாட்பட்ட சிறுநீரக நோயாளர்களும், இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்களும் இதே வரிசையில்தான். இவர்களைப் பராமரிக்கும் மனைவியோ மகளோ திடமாக இருந்தாலும், வீட்டுக்குள் நோயைக் கொண்டுவரும் வாசல் அவர்தான் என்பதால் அவரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊசி போட்ட ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அது ஊசிக் காய்ச்சல் என்று இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது. ஊசி போட்டதால் இது புளூவாக இராது, சும்மா காய்ச்சல் என்றும் விடக்கூடாது. மாரியில் இங்கே டெங்கும் இருக்கிறது, எலிக்காய்ச்சலும் இருக்கிறது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல், எலிக்காய்ச்சல் என்று பிறகே உறுதியானது. வயலில் சேற்றில் இறங்கும் மச்சானுக்குப் புளூவைவிட எலிக்காய்ச்சலே பெரிய ஆபத்து. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை எடுப்பது அவருக்கு முதல் வேலை. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும்; டெங்காக இருக்கலாம் என்ற நிலையில் அஸ்பிரின், புரூபன் வகைகளைத் தொடக்கூடாது. மூச்சு வாங்குதல், நெஞ்சு நோவு, மயக்கக் கலக்கம், குடிக்க முடியாமை, சலம் குறைதல், விட்ட காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எப்போது போடுவது என்பதற்கு நம் திருவிழா நாட்காட்டியே வழிகாட்டுகிறது. குளிர்நாடுகளில் புளூ ஆண்டுக்கு ஒருமுறை வரும். இலங்கையில் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு முறையும் ஆண்டு முடிவில் மாரியோடு ஒரு முறையும் கூடுகிறது. நடுப்பகுதியில்தான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலும் மடுமாதாவின் ஆடித் திருவிழாவும் பெருங்கூட்டத்தைச் சேர்க்கின்றன. மாரியில் வெள்ளம் வந்தால் சனம் பாடசாலைகளில் நெருங்கிப் படுக்கிறது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது அப்படித்தான் இருந்தது. போர் முடிந்த 2009இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்தவர்களுக்கு, ஒரு கூடாரத்தின் இருமல் அடுத்த கூடாரத்துக்குப் போக எத்தனை நாள் எடுக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே ஊசியைச் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியோ ஐப்பசி தொடங்கும்போதோ போடுவது பொருத்தம். காப்பு மாதங்கள் செல்லச் செல்லக் குறைவதால், ஒருவருக்கு எந்தக் காலம் அதிக ஆபத்தோ அதற்கு முன் போடுவது மேல். பழைய பருவத்து ஊசி கையிருப்பில் மிஞ்சியிருக்கலாம் என்பதால், எந்தப் பருவத்துக்கான ஊசி, காலாவதித் திகதி என்ன என்று பெட்டியைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

குளிர்பேணல் பற்றியும் அப்படியே. இந்த ஊசி 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறைந்தாலும் பழுது, சூடேறினாலும் பழுது. நாங்கள் முதலில் போன ஒரு தனியார் மருந்தகத்தில் ஊசிப் பெட்டிகள் சோடாப் போத்தல்களோடு ஒரே குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன. அன்று காலை மூன்று மணித்தியாலம் மின்சாரமும் இல்லை. வெப்பமானி எங்கே என்று கேட்டதற்கு மறுமொழி கிடைக்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். பழுதான ஊசி பெரும்பாலும் உடம்புக்குக் கெடுதி செய்யாது, ஆனால் காக்காது. காக்கப்பட்டிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பது ஊசியே போடாததைவிட மோசம். மறுகிழமை வைத்தியர் சொன்ன வேறோர் இடத்துக்கு, விலையையும் கையிருப்பையும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போனோம்.

முடிவு இப்படி அமைந்தது. சித்திரையில் அம்மாவும் தங்கையும் போட்டார்கள். தங்கை முதலில் தன் கர்ப்பிணிக் கிளினிக்கில் மருத்துவிச்சியிடமும் வைத்தியரிடமும் கேட்டுக்கொண்டாள். மச்சானுக்கும் எனக்கும் ஐப்பசியில் போடுவதென்று வைத்தோம். அதற்குள் குழந்தை பிறந்திருக்கும், தாய் கொடுத்த காப்பு மார்கழியில் மெல்லக் குறையத் தொடங்கும், வகுப்பறையிலிருந்து புளூவைத் தூக்கி வரக்கூடியவன் நான். காசு முடையானால் முதலில் விடுபடுவது எங்கள் இருவரின் ஊசிதான். அதில் எனக்கு மனக்குறை இல்லை. மருமகனுக்கு நான்கு வயதாகையால் முதல் தடவை நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டு, புளூவை வீட்டுக்குள் கொண்டு வருவதில் அவர்கள் முதலிடத்தில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அறுவடைக் காசு வந்ததும் எங்களுக்கு முன் அவனுக்கே என்று தங்கை சொல்லியிருக்கிறாள். அவள் சொல்வது சரி.

தங்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்கு இடது கை ஒன்றரை நாள் நொந்தது. முதல் இரவு உடம்பு கொஞ்சம் சுட்டது. ஒரு பனடோல் போட்டுக்கொண்டு படுத்தார். மூன்றாம் நாள் காலையில் அதே கையால் கிணற்றில் தண்ணீர் அள்ளினார். கிளினிக் கொப்பியில் ஊசியின் பெயரும் தொகுதி இலக்கமும் திகதியும் எழுதியிருக்கிறோம். அதன் கீழே, மாரிக்கு முன் அடுத்த ஊசி வேண்டுமா என்று ஐப்பசிக் கிளினிக்கில் வைத்தியரைக் கேட்க வேண்டும் என்று அம்மாவே என்னைக் கொண்டு எழுதுவித்தார்.